வெள்ளிப் பெயின்ட் அடித்த மோட்டர்

அந்த மோட்டருக்கு நம்பர் இருந்தது. அதை அழித்தவன் நான்தான். ஒரு கம்பி பிரஷ், அரை டின் வெள்ளிப் பெயின்ட், ஒரு முழு மத்தியானம். அவ்வளவு கவனமாக நான் வேறெந்த வேலையையும் செய்ததில்லை.

எங்களுடையது இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டம். ஸ்டோர் என்கிற ரப்பர் ஃபாக்டரி, ஆபீஸ், டிஸ்பென்சரி, பள்ளிக்கூடம், பஸ் ரோடு எல்லாம் ஆற்றுக்கு அந்தக் கரையில். எங்கள் டிவிசன் மட்டும் இந்தக் கரையில்: வரிசை வீடுகளாக மூன்று லயம், ஒரு மாரியம்மன் கோயில், ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகை. நடுவே ஒரு தொங்குபாலம் இருந்தது. பெரிய வெள்ளம் வந்த வருஷம் அது போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் இந்தப் பக்கம் இரண்டு கொங்கிரீட் தூண், அந்தப் பக்கம் இரண்டு கொங்கிரீட் தூண், ஒரு கம்பி மட்டும் ஆற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துத் துரை வந்து பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். எலக்சனுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. தூண்கள் இன்னும் நிற்கின்றன, அளந்த அளவில் ஓர் அங்குலமும் குறையாமல்.

பின்பக்கமாக ஒரு காட்டு ரோடு உண்டு. பால் ஏற்ற வரும் டிராக்டர் பன்னிரண்டு மைல் சுற்றி அதில்தான் வரும். மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லாத நாளில் டிராக்டரும் இல்லை. ஆறு ஏறுகிற நாளும் டிராக்டர் வராத நாளும் ஒரே நாள்தான் என்பதை ஆபீசில் யாருக்கும் என்னால் விளங்கவைக்க முடியவில்லை.

என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. தொங்குபாலம் கட்டுவதற்கு முன்னால் நானும் இதே ஆற்றைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போனேன், ஆறாம் வகுப்பு வரைக்கும். அந்த வருஷ மழையில் ஒரு மாதம் போக முடியவில்லை. மழை விட்ட பிறகும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. பதினாலு வயதில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்து, பிறகு ஸ்டோரில் ரோலர் சுற்றும் இஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவனானேன். மகளுக்கு அப்படி நடக்கக் கூடாது, அவள் பதினோராம் வகுப்பில் ஓ.எல். பரீட்சை எழுதி முடிக்க வேண்டும். எனக்கு இருந்தது இந்த ஓர் ஆசைதான். பயங்கள்தான் நிறைய.

வெள்ளத்துக்குப் பிறகு தோட்டம் ஒரு பலகைப் படகு கொடுத்தது. கழி போட்டுத் தள்ளுகிற படகு. தண்ணீர் இறங்கியிருந்தால் சரி. ஒரு முழம் ஏறினாலும் கழி தரையில் எட்டாது, படகு கீழே ஒரு வளைவு தள்ளிப்போய்த்தான் கரை பிடிக்கும். பதினாலு பிள்ளைகள் அதில். நான் தினமும் எண்ணி ஏற்றி, நடு ஆற்றில் எண்ணி, இறக்கி எண்ணுவேன். மகள் சிரிப்பாள். "அப்பா, ஏறுனது பதினாலுன்னா எறங்குறதும் பதினாலுதான். நடுவுல குட்டி போடவா போறோம்?"

ஆகவே படகுக்கு ஒரு மோட்டர் வாங்குவது என்று கோயிலில் கூடி முடிவெடுத்தார்கள். லயத்து ஆட்கள் காசு சேர்த்தார்கள். இஞ்சினோடு இருக்கிறவன் என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். வேண்டாமென்று சொல்லக்கூட எனக்குப் பயம்.

பஜாரில் அரிசிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவரிடம் போய்க் கேட்டேன்.

"பேருவளையில என்ட மச்சான் ஒத்தர் ஈக்கிறார்," என்றார். "கடல உட்டுட்டு மாணிக்கக்கல்லு யாவாரத்துக்கு வந்துட்டார். மோட்டர் சும்மா கெடக்குது. போய்ப் பாருங்க."

போனேன். கடற்கரை வீட்டின் பின்னால் ஒரு தண்ணீர் பீப்பாயின் விளிம்பில் அதை மாட்டி வைத்திருந்தார் மச்சான். எட்டுக் குதிரைச் சக்தி மோட்டர். நீலப் பெயின்ட் உரிந்து, உப்புப் பொரிந்து, கிழட்டு மாடு மாதிரி தலையைத் தொங்கப் போட்டு நின்றது.

"எத்தன வருசம் ஓடியிருக்குங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் வாங்கக்குள்ளயே அது பழசு."

"நடுவுல நின்னுபோனா திரும்ப ஸ்டார்ட் ஆகுமாங்க?"

"தம்பி, நீங்க கடலுக்கா கொண்டு போற? ஆத்துக்குத்தானே. நின்டா எறங்கி நடங்க!"

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். எங்கள் ஆற்றில் இறங்கி நடந்தவர்களைக் கீழே டவுன் ரோட்டுப் பாலத்தடியில் போய்த்தான் எடுத்திருக்கிறோம் என்று அவரிடம் சொல்லவில்லை.

பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் காட்டினார். பின்பக்கம் ஒரு சின்னத் துவாரம். அதிலிருந்து ஈர்க்குக் கனத்துக்குத் தண்ணீர் பீச்சியது. "இதுதான் மூத்திரம்," என்றார். "இது வந்தா உசிர் ஈக்குது. நின்டா ஒடனே நிப்பாட்டுங்க. இல்லாட்டி உள்ளுக்கு வெந்து போயிரும்."

ஓர் அரைத்தாளில் மோட்டரின் நம்பரை எழுதி, தன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மோட்டரின் கழுத்தில் ஒரு தகடு ஆணியடித்திருந்தது. தாளில் இருக்கிற நம்பரும் தகட்டில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று நாலு தடவை பார்த்தேன்.

அது யுத்தம் நின்று பேச்சுவார்த்தை நடந்த காலம். ரோட்டோரத்தில் மணல் மூட்டைகள் இருந்தன, பின்னால் ஆள் இல்லை. மோட்டரைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். யுத்த காலத்தில் படகு மோட்டர் என்றாலே புலிகளுக்குப் போகிறதோ என்று சந்தேகப்படுவார்கள். எதற்கும் பொலிசில் சொல்லி எழுதி வைக்கலாமா என்று தோட்டத்துக் கிளார்க் ஐயாவைக் கேட்டேன். "இப்பத்தான் யாரும் ஒண்ணும் கேக்காம இருக்கானுங்க. நீயா போயி சொல்லுவியா?" என்றார். படித்த மனுஷர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அந்த அரைத்தாளை மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மகளின் பிறப்புச் சான்றிதழ் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன்.

பழைய மோட்டர் வாங்குகிறவர்கள் மோட்டரை மட்டும் வாங்குவதில்லை, முன்னால் வைத்திருந்தவனின் சோம்பலையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். பேருவளை மச்சான் ஒருநாளாவது நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவியிருப்பாரா என்பது சந்தேகம். தண்ணீர் போகும் வழியெல்லாம் உப்பு கல்லாகியிருந்தது. மூன்றாம் வாரமே மூத்திரம் நின்றுபோனது. அணைத்துவிட்டுக் கழியைப் பிடித்தேன்.

இரத்தினபுரி டவுனில் மாணிக்கக் குழிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைத் திருத்துகிற சிங்களப் பாஸ் ஒருவர் இருந்தார். மேசனோ மெக்கானிக்கோ, கைவேலைக்காரர் எல்லாரும் எங்களுக்குப் பாஸ்தான். அவர் கீழ்ப்பகுதியைக் கழற்றி, உள்ளே தண்ணீரை மேலே தள்ளுகிற சின்ன ரப்பர்ச் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். இதழெல்லாம் ஒடிந்திருந்தது. கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் ரப்பர் மரம் நிற்கிற தோட்டம் எங்களுடையது. அந்த ஓர் அங்குல ரப்பருக்கு நான் கொழும்பு வரை போய் இரண்டு நாள் அலைந்தேன்.

பாஸிடம் எல்லாம் கேட்டுக்கொண்டேன். பிளக்கை வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். கியர் எண்ணெயைத் திறந்து பார்க்க வேண்டும், அது ரப்பர்ப் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று நாளைக்கு ஒருமுறை போய் "பாஸ், இந்தச் சத்தம் சரியா, அந்தப் புகை சரியா" என்று நிற்பேன். அவர் என் தோளைத் தட்டி, "மல்லி, பய வென்ன எபா," என்பார். தம்பி, பயப்படாதே. பிறகு தமிழில், "மோட்டர் நல்லம். நீ தான் ரிப்பேர்!"

வேலை முடிந்ததும் அதைப் படகில் விடமாட்டேன். கழற்றி, தோளில் தூக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல் பீப்பாயில் நல்ல தண்ணீரில் ஓட்டி, துடைத்து, அறை மூலையில் நிறுத்துவேன். "அதுக்கும் ஒரு பாய் போடவா?" என்று என் மனைவி கேட்பாள். மகள் அதன் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "காய்ச்சல் இல்லப்பா, நாளைக்கு ஸ்கூலுக்கு வரும்," என்பாள்.

வந்தது. இரண்டு வருஷம் ஒரு நாளும் நிற்காமல் வந்தது. ஆறு ஏறிய நாட்களிலும் பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு நான் ஸ்டோருக்குப் போவேன். பால் வந்து சேரப் பதினொரு மணியாகும் என்பதால் வேலையும் கெடவில்லை. மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். கணக்கில் வகுப்பிலேயே முதலாவது. அந்த இரண்டு வருஷமும் நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொல்ல வரவில்லை. பயப்படுவதற்கு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

ஸ்டோரில் ஆயுத பூசை என்றால் ஒரு முறை உண்டு. முதல் நாள் ரோலரையும் இஞ்சினையும் தேய்த்துக் கழுவி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, புதுசாக்கித்தான் பொட்டு வைப்போம். என் அப்பா காலத்திலும் அப்படித்தான். பெயின்ட் அடிக்காத மெஷினுக்குப் பொட்டு வைப்பது, குளிக்காத பிள்ளைக்குப் புதுச்சட்டை போடுகிற மாதிரி. அந்த வருஷம் கோயில் தலைவர் சொன்னார்: "ஸ்டோர் ரோதை, மெஷினுக்கெல்லாம் செய்றீங்க. நம்ம புள்ளைகளக் கொண்டுபோற மோட்டருக்குச் செய்ய வேணாமா?"

மிச்சமிருந்த பெயின்ட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். கம்பி பிரஷ்ஷால் உப்புத் துருவையெல்லாம் சுரண்டினேன். கழுத்திலிருந்த தகட்டின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஈரம் நின்று, சுற்றிலும் வெள்ளைப் பூ பூத்திருந்தது. இப்படியே விட்டால் உடம்பை அரித்துவிடும் என்று பயம் வந்தது. தகட்டை நெம்பி எடுத்தேன். தேய்ந்துபோன தகடு, இரண்டாக ஒடிந்தது. குப்பையில் போட்டேன். அந்த இடத்தை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, இரண்டு பூச்சு அடித்தேன். சாயந்தரம் வெயிலில் அது கோயில் மணி மாதிரி மின்னியது. சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்தி மாலை. மகள் சூடம் காட்டினாள்.

எதற்கும் நாலு பேரைக் கேட்கிறவன் நான். இதை மட்டும் யாரையும் கேட்கவில்லை. பயமில்லாமல் நான் செய்த ஒரே வேலை அது.

மறு வருஷம் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். ஒரு காலை, பிள்ளைகளோடு அந்தக் கரையில் படகைச் சேர்க்கும்போது மூன்று பொலிஸ்காரர்கள் நின்றார்கள். அடையாள அட்டையை நீட்டினேன். சார்ஜன்ட் அதைப் பார்க்கவில்லை, மோட்டரைத்தான் பார்த்தார்.

"மேக்கே நொம்மரே கோ?" இதன் நம்பர் எங்கே?

பையிலிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தேன். முந்தின மாதத்திலிருந்து அதைக் கூடவே வைத்திருந்தேன். அவர் நம்பரை வாசித்தார். குனிந்து, மோட்டரின் கழுத்தை உள்ளங்கையால் தடவினார். வழவழவென்று இருந்தது. பிறகு சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். "நம்பர் காகிதத்துல இருக்கு, மோட்டர்ல இல்ல. அப்ப இந்தக் காகிதம் எந்த மோட்டருக்கு?"

பஜாரில் நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறவன் நான். அன்றைக்கு அடையாள அட்டையைத்தான் மறுபடி நீட்டினேன். படகுக்குள்ளிருந்து என் மகள் எழுந்து நின்றாள். "சேர், நாங்க வருசா வருசம் மெஷினுக்குப் பூசை வெப்போம். அதுக்குத்தான் அப்பா பெயின்ட் அடிச்சாங்க," என்று நல்ல சிங்களத்தில் சொன்னாள்.

இளம் பொலிஸ்காரன் ஒருவன் சிரித்துவிட்டான். "மோட்டர் தெய்யோ!" மோட்டர் சாமி.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. "துவ, இஸ்கோலெட்ட யன்ன," என்றார். மகளே, பள்ளிக்கூடத்துக்குப் போ. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் போகாமல் அங்கேயே நின்றாள். மோட்டரையும் என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

சாயந்தரம் கிளார்க் ஐயாவும் கோயில் தலைவரும் கடிதத்தோடு வந்து என்னை வெளியே எடுத்தார்கள். மோட்டரை எடுக்க முடியவில்லை. நம்பர் அழித்த மோட்டர், கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். அடுத்த வாரம் பாஸ் தானாக வந்தார், ஸ்பானர்ப் பையோடு. "மூடிக்கு உள்ளே, இஞ்சின் உடம்பிலேயே அதே நம்பர் இன்னொருமுறை குத்தியிருக்கும். ஐந்து போல்ட். உங்கள் கண் முன்னாலேயே திறந்து காட்டுகிறேன்," என்று சார்ஜன்ட்டிடம் சிங்களத்தில் சொன்னார். சீல் வைத்தாயிற்று, யாரும் தொடக் கூடாது என்றார்கள். ரோட்டுக்கு வந்து பீடி பற்றவைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பாஸ் சொன்னார்: "ஒவ்வொரு சத்தத்துக்கும் வந்து கேட்ட. இதுக்கு ஒரு வார்த்த கேக்க இல்லயே, மல்லி."

லயத்திலும் அதுதான் பேச்சு. பூசை வைக்கச் சொன்ன தலைவரே, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லாரும் கேட்கச் சொன்னார்: "பொட்டு வெய்யின்னு சொன்னேன். தகட்டப் புடுங்கிப் போடுன்னா சொன்னேன்?" அவர் சொன்னது உண்மை.

கழி மறுபடி கைக்கு வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார்கள். பதினாலு, ஒன்பது, ஆறு. எண்ணுவது சுலபமாகிவிட்டது. மகள் நிற்கவில்லை. பரீட்சை மார்கழியில். அதற்கு முன்னால் அடைமழை வரும் என்று தெரியும். பரீட்சை முடியும்வரை அவளை அந்தக் கரையில் தங்கவைக்க ஒரு வீடு பேசியிருந்தேன். மேல்கணக்கு என்கிற மேல் டிவிசனில் என் மனைவிக்குச் சொந்தக்காரர்கள். பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது அந்த வீட்டு மனுஷர் ஸ்டோருக்கு வந்தார். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். வெளியாள் தங்குனா பொலிசுல பேர் பதியணும். ஒங்க பேரு அங்க ஏற்கனவே இருக்கு. நாங்களும் புள்ளகுட்டிக்காரங்க."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நாலு நாளுக்கு முன்னால் அல்ல, நாலு மாதத்துக்கு முன்னாலேயே வந்து சொல்லியிருப்பேன்.

முதல் மூன்று பரீட்சைக்கும் கழியால் கொண்டுபோய்விட்டேன். கணக்குப் பரீட்சையன்று விடியும்போது ஆறு தூணின் அடிக்கட்டுவரை ஏறி, சிவப்பாக, மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. மழை. டிராக்டர் வராது. மகள் வெள்ளைச் சட்டையோடு, பேனாவும் கொம்பாஸ் பெட்டியும் பொலித்தீன் பையில் கட்டி, கரையில் நின்றாள். நான் கழியை நட்டுப் பார்த்தேன். என் தலைக்கு மேலே கழி தண்ணீருக்குள் போனது, தரை தட்டவில்லை.

"போலாம்பா," என்றாள்.

"வேணாம்மா."

"அந்த வளைவுல போயிச் சேந்துருவோம். அங்கேருந்து ஓடிப் போயிருவேன். நேரம் இருக்கு."

"வேணாம்மா. அடுத்த வருசம் எழுதலாம்."

"அடுத்த வருசம் ஆறு இருக்காதா?"

நான் படகுக் கயிற்றை மரத்தில் இன்னொரு சுற்று சுற்றினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினாள். பத்தரை மணிக்கு மழை விட்டது. பன்னிரண்டு மணிக்கு ஆறு இறங்கிவிட்டது. நான் கரையிலேயே உட்கார்ந்து அது இறங்குவதைப் பார்த்தேன். போயிருக்கலாமா, போயிருந்தால் கவிழ்ந்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த மோட்டர் இருந்திருந்தால் போயிருப்பேன், அது தெரியும்.

கணக்கில்லாமல் ஓ.எல். கணக்கில்லை. தைப்பொங்கல் முடிந்ததும் அவள் ஆபீசுக்குப் போய்ப் பேர் பதிந்தாள். நான் எவ்வளவோ சொன்னேன். "நீங்களும் பதிஞ்சிங்கதானே," என்றாள். ஒரு மாதத்தில் மரத்தில் காயம் படாமல் பட்டை சீவப் பழகிவிட்டாள் என்று கங்காணி என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

யுத்தம் முடிந்த வருஷம், பொலிசிலிருந்து மோட்டரை எடுத்துப்போகச் சொல்லித் தகவல் வந்தது. போனேன். பழைய சார்ஜன்ட் மாறிப் போயிருந்தார். புதியவர் ஒரு புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பின்பக்கத் தகரக் கொட்டகையைக் காட்டினார். மோட்டர் படுத்துக் கிடந்தது. யாரோ மூடியைத் திறந்திருந்தார்கள். உள்ளே ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் மட்டும் அழுக்கைச் சுரண்டியிருந்தது. அதில் நம்பர் இருந்தது. கழுத்தில் நூலால் கட்டிய அட்டையில் அதே நம்பரை எழுதி, என் அரைத்தாளையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மூடியைத் திரும்பப் போடவில்லை. எத்தனை மழையோ, உள்ளே எல்லாம் துருவேறி இறுகியிருந்தது. எப்போது திறந்து பார்த்தார்கள் என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார் புதியவர்.

தோளில் தூக்கிவந்து வாசல் பீப்பாயில் மாட்டினேன். மகள் ரப்பர் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், இடுப்பில் வெட்டுக்கத்தி, கையில் பால் வாளி. கிட்டே வந்து அட்டையை வாசித்தாள். தாளை வாசித்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள்.

"நம்பர் சரியாத்தான் இருக்குப்பா," என்றாள்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து ஒருமுறை இழுத்தாள். அசையவில்லை. காலை ஊன்றி இன்னொருமுறை இழுத்தாள். கயிறு உளுத்துப்போயிருந்தது, பாதி அறுந்து அவள் கையோடு வந்தது. அதைச் சுருட்டி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "வெட்டுக்கு நேரமாச்சு," என்று வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.